மலேரியா நோயாளியின் ரத்த ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

வீட்டில் ஒருவரை மலேரியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறீர்கள். காலையில் ரத்தம் எடுக்கிறார்கள், மதியத்துக்குள் ஒரு தாள் கைக்கு வருகிறது. தாள் முழுக்க எண்கள். பாதி எண்களுக்குப் பக்கத்தில் ‘எல்’ (குறைவு) அல்லது ‘எச்’ (அதிகம்) என்று குறி. எதைப் பார்த்ததும் சிஸ்டரிடம் ஓட வேண்டும், எதை ரவுண்ட்ஸ் வரும்போது கேட்டால் போதும், எதைச் சும்மா விடலாம் என்பதற்குத்தான் இந்தக் குறிப்பு. நான் வடசென்னையில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். மருந்து சொல்வது டாக்டர் வேலை. அந்த எண் எங்கிருந்து வருகிறது, எப்போது ஏமாற்றும் என்பதை நான் சொல்ல முடியும்.

ரிப்போர்ட் ஜன்னலுக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நேராக பிளேட்லெட் வரிக்குத்தான் போகிறார்கள். டெங்கு விட்டுப்போன பயம் அது. மலேரியாவில் வரிசை வேறு. முதலில் ஆளைப் பாருங்கள். பிறகு ஒட்டுண்ணி எண்ணிக்கை, அடுத்து ஹீமோகுளோபின், பிறகு சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சர்க்கரை. பிளேட்லெட் கடைசியில் வரட்டும்.

தாளுக்கு முன்னால் ஆள்

ஒரு பழைய நோட்டும் பேனாவும் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். சிஸ்டர் ஒருநாளைக்கு நாலு தடவை டெம்பரேச்சர் பார்ப்பார். நடுவில் நடப்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். குளிர் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, பல் கிட்டித்ததா, சூடு எப்போது ஏறியது, வேர்த்து நைட்டியோ பனியனோ நனைந்தது எப்போது: இவ்வளவு எழுதினால் போதும். குளிர் கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை இருக்கும். அதன்பின் சில மணி நேரம் கொதிக்கும், பிறகு வேர்வை கொட்டி ஆள் அசந்து தூங்குவார். சென்னையில் பெரும்பாலும் பார்க்கிற வைவாக்ஸ் வகையில் இது 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பும். நடுவில் வரும் நாளில் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்பார். “சரியாயிடுச்சு, டிஸ்சார்ஜ் கேக்கலாம்” என்று வீட்டார் கிளம்புவது இந்த நாளில்தான். பொறுங்கள்.

அதே சமயம், ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால்தான் மலேரியா என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதல் சில நாட்களில் காய்ச்சல் முறை வைத்து வராது, தினமும் அடிக்கும். ஃபால்சிபாரம் என்கிற ஆபத்தான வகையில் கடைசி வரைக்கும் முறையே இல்லாமல் போகலாம். தலைவலி, உடம்பு வலி, வாந்தி, சிலருக்குப் பேதி, இருமல் என்று வேறு நோய்களின் வேஷத்திலும் வரும். இடப்பக்க விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்று சொன்னால் டாக்டரிடம் சொல்லுங்கள், மண்ணீரல் வீங்கியிருக்கலாம். அந்த இடத்தை நீங்கள் அமுக்கிப் பார்க்காதீர்கள்.

பேச்சு குழறுவது, கூப்பிட்டால் உடனே திரும்பாமல் இருப்பது, வலிப்பு, மூச்சு வாங்குவது, பிடித்துக்கொள்ளாமல் உட்கார முடியாமல் போவது, கண் மஞ்சளாவது, எங்கிருந்தாவது ரத்தம் கசிவது: இதில் எது வந்தாலும் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். சிறுநீரைத் தனியாகச் சொல்ல வேண்டும். டாய்லெட்டில் போய்விட்டு ஃப்ளஷ் பண்ணிவிட்டால் நிறம் யாருக்கும் தெரியாது. ஒரு டப்பாவில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். காய்ச்சலில் அடர் மஞ்சளாவது சகஜம். கோலா நிறத்தில், கறுத்த டிக்காஷன் நிறத்தில் போனால் சிவப்பணுக்கள் ரத்தக் குழாய்க்குள்ளேயே உடைகின்றன என்று அர்த்தம். டப்பாவோடு சிஸ்டரிடம் போங்கள். அளவு குறைந்தாலும் சொல்லுங்கள்.

மாத்திரை போட்ட அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் நேரத்தைக் குறித்துச் சொல்லுங்கள். அந்த டோஸைத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும்.

எம்.பி. ஸ்மியர்

ரெக்வெஸ்ட் தாளில் ‘எம்.பி.’ என்று எழுதியிருந்தால் மலேரியா ஒட்டுண்ணியைத் தேடச் சொல்கிறார்கள். ஒரே ஸ்லைடில் இரண்டு ரத்தப் பூச்சு (ஸ்மியர்) போடுவோம். தடித்த பூச்சுக்கு ஒரு பெரிய துளியைப் பொட்டளவுக்குப் பரப்பிக் காயவிடுவோம். மெல்லிய பூச்சுக்கு இன்னொரு ஸ்லைடின் விளிம்பால் துளியை இழுத்தால் நாக்கு வடிவத்தில் நீளும். மெல்லியதை மெத்தனாலில் முக்க வேண்டும். தடித்ததை முக்கக்கூடாது, முக்கினால் சிவப்பணு கரையாமல் நின்று எல்லாவற்றையும் மறைத்துவிடும். சாயம் ஜீம்சாவாகவோ ஜே.எஸ்.பி.யாகவோ இருக்கும். இரண்டாவது நம் நாட்டுச் சரக்கு. ஜஸ்வந்த் சிங்கும் பட்டாசார்ஜியும் 1944இல் வெளியிட்டது. சீக்கிரம் ஏறும், செலவும் குறைவு.

தடித்த பூச்சு ‘இருக்கிறதா இல்லையா’ என்று சொல்லும். ‘எந்த வகை’ என்று மெல்லியதுதான் சொல்லும். எண்ணெய் லென்ஸில் வைவாக்ஸைப் பார்த்தால், அது புகுந்த சிவப்பணு பக்கத்து அணுக்களைவிட ஊதிப் பெருத்து, உள்ளே பொடிப்பொடியாக இளஞ்சிவப்புப் புள்ளிகளோடு இருக்கும். ஒட்டுண்ணி இன்ன வடிவம் என்று சொல்ல முடியாமல் கை கால் நீட்டிக் கிடக்கும். ஃபால்சிபாரத்தில் அணு பெருக்காது. மெல்லிய கம்பியில் கல் பதித்த மோதிரம் போல இருக்கும், ஒரே அணுவில் இரண்டு மூன்றுகூட இருக்கும், சில அணுவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். சில நாள் கழிந்த கேஸில் வாழைப்பழ வடிவத்தில் ஒன்று கண்ணில் பட்டால் சந்தேகமே இல்லை. 1880இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு ராணுவ டாக்டர் லாவெரான் சாயம் எதுவும் போடாமல் பச்சை ரத்தத்திலேயே இந்த ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஸ்லைடு குவியும்போது அவர் கண்ணை நினைத்துப் பொறாமைப்படுவேன்.

ஒரு தடவை நெகட்டிவ் வந்தால் மலேரியா இல்லை என்று ஆகாது. தடித்த பூச்சில் குறைந்தது 100 ஃபீல்டு (லென்ஸில் ஒரு தடவைக்குத் தெரிகிற வட்டம்) பார்க்காமல் நெகட்டிவ் என்று எழுதக்கூடாது. எழுதிய பிறகும் காய்ச்சல் தொடர்ந்தால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். “நேத்துதானே எடுத்தீங்க” என்று சண்டை போடாதீர்கள். ரத்தம் எடுப்பதற்கு முன்பே யாராவது மலேரியா மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தால் அதை மறைக்கவும் வேண்டாம். ஒட்டுண்ணி குறைந்துபோய் ஸ்லைடில் சிக்காமல் போகும். ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கமோ ஆப்பிரிக்கா பக்கமோ போய் வந்தவர் என்றால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். ஃபால்சிபாரத்தைத் தேடும் அவசரம் அங்கேதான் கூடும்.

கார்டு டெஸ்ட் என்கிற ராப்பிட் டெஸ்ட் கால் மணி நேரத்தில் கோடு காட்டும். சேர்க்கும் நாளில் நல்ல உதவி. ஆனால் ஃபால்சிபாரம் கோடு, ஒட்டுண்ணி செத்த பிறகும் வாரக்கணக்கில் நின்றுகொண்டிருக்கும். மருந்து முடிந்து பத்தாம் நாள் வெளியில் ஒரு லேபில் கார்டு போட்டு, “இன்னும் பாசிட்டிவ்” என்று பதறி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குணமாகிவிட்டதா என்று பார்க்க ஸ்லைடுதான் வேண்டும்.

எண்ணிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது

சில ரிப்போர்ட்டில் ‘மைக்ரோலிட்டருக்கு 2,000’ என்றிருக்கும், சிலவற்றில் சதவீதம். முதல் கணக்கு இப்படி: தடித்த பூச்சில் 200 வெள்ளையணுக்களை எண்ணி முடிக்கும்வரை கண்ணில் பட்ட ஒட்டுண்ணிகளையும் எண்ணுவோம். 50 இருந்தால் அதை 8,000ஆல் பெருக்கி 200ஆல் வகுத்தால் 2,000. இந்த 8,000 என்பது ஆளுக்கு வெள்ளையணு இவ்வளவு இருக்கும் என்று வைத்துக்கொள்ளும் சராசரி. மலேரியாவில் வெள்ளையணு பெரும்பாலும் அதைவிடக் குறைவு என்பதால், அன்றைய உண்மையான எண்ணிக்கையைப் போட்டுக் கணக்கிடுவது நல்லது.

சதவீதம் என்றால் நூறு சிவப்பணுவில் எத்தனை பாதிக்கப்பட்டிருக்கிறது என்பது. ரத்தசோகை இல்லாதவருக்கு 1 சதவீதம் ஏறக்குறைய 50,000 ஒட்டுண்ணிக்குச் சமம். வைவாக்ஸ் இளம் சிவப்பணுக்களில் மட்டும் புகுவதால் 2 சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம். ஃபால்சிபாரத்துக்கு வயது வித்தியாசம் கிடையாது, எல்லா அணுவிலும் புகும். 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணை மட்டும் வைத்தே தீவிர மலேரியா என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கில் எடுக்கிறது. ஆனால் விரல் ரத்தத்தில் எண் குறைவாக இருக்கிறது என்று நிம்மதியடைய முடியாது. ஃபால்சிபாரம் முற்றிய அணுக்கள் மூளை, சிறுநீரகம் போன்ற இடங்களின் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், விரலுக்கு வராது. எண் சின்னதாக இருந்து ஆள் குழம்பிப் பேசினால், ஆள் சொல்வதை நம்புங்கள்.

ஊசி மருந்து தொடங்கிய முதல் நாளில் ஃபால்சிபாரம் எண்ணிக்கை கூடியிருந்தாலும் பதற வேண்டாம். முற்றியவை உடைந்து புதியவை வெளிவருகிற நேரமாக இருக்கும். அடுத்தடுத்த நாள் சரிய வேண்டும். மூன்று நாள் மருந்துக்குப் பிறகும் ஒட்டுண்ணி தெரிந்தால் டாக்டரிடம் கேளுங்கள்.

ஹீமோகுளோபின்: ஒரு எண் போதாது

முதல் நாள் 12.4 என்று வந்திருக்கும், மூன்றாம் நாள் 10.1. “ஆஸ்பத்திரிக்கு வந்தப்புறம் ரத்தம் குறையுது, டெய்லி இவ்ளோ எடுத்தா குறையாதா?” என்பார்கள். நாங்கள் எடுப்பது ஒரு டியூபுக்கு இரண்டு மூன்று மில்லி. குறைவதற்குக் காரணம் வேறு. முதல் நாள் வாந்தியிலும் வேர்வையிலும் உடம்பு வறண்டிருந்ததால் 12.4 பொய்யாக உயர்ந்து காட்டியது. ட்ரிப்ஸ் ஏறியதும் நீர்த்து உண்மை தெரிகிறது. இது ஒரு பங்கு. ஒட்டுண்ணி வெடித்து வெளிவரும்போது அந்த அணு போகிறது. மண்ணீரல், பாதிக்கப்படாத பக்கத்து அணுக்களையும் சேர்த்துப் பிடித்து அழிக்கிறது. எலும்பு மஜ்ஜையோ அந்தச் சமயத்தில் மந்தமாகிப் புது அணுக்களைச் சரியாக அனுப்பாது. அதனால் காய்ச்சல் விட்ட பிறகும் சில நாட்கள் இறங்கிவிட்டுத்தான் ஏறும்.

ஆகவே எண்களைத் தேதியோடு ஒரே பக்கத்தில் கீழே கீழே எழுதிவாருங்கள். கூடியமட்டும் ஒரே லேபில் எடுத்ததாக இருக்கட்டும். மெதுவாக இறங்கி நின்றால் சரி. ஒரே நாளில் சட்டென்று இறங்கினால், கூடவே சிறுநீர் கறுத்தால், உடனே கேளுங்கள். பெரியவர்களுக்கு 7க்குக் கீழும், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 5க்குக் கீழும் போவது தீவிர ரத்தசோகைக்கான கோடு. ரத்தம் ஏற்றுவதை டாக்டர் முடிவுசெய்வார். மூச்சு, நாடித்துடிப்பு எல்லாம் சேர்த்துப் பார்ப்பார்கள். பீட்ரூட்டும் மாதுளையும் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் நாளன்றைக்கு எண் ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பிலிருபின் இதே கதையின் இன்னொரு பக்கம். அணு உடைந்தால் மஞ்சள் நிறமி சேரும். ‘இன்டைரக்ட்’ என்ற வரி கூடியிருந்தால் பெரும்பாலும் உடைப்பினால்தான். கண் மஞ்சளாகத் தெரிந்ததும் கீழாநெல்லிக்கு ஆள் அனுப்புகிற வழக்கம் நம்மிடம் உண்டு. டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு நாட்டு மருந்துக்குக் கூட்டிப்போவது மட்டும் வேண்டாம். இது ஒட்டுண்ணி அடங்கினால் இறங்குகிற மஞ்சள். ஃபால்சிபாரத்தில் ஒட்டுண்ணியும் அதிகமாக இருந்து பிலிருபின் 3ஐத் தாண்டினால் தீவிர வகையில் சேர்ப்பார்கள்.

இடையில் லேபிலிருந்து “சாம்பிள் ஹீமோலைஸ்டு, திரும்ப எடுக்கணும்” என்று வந்தால் கோபப்படாதீர்கள். ஊசியில் இழுக்கும்போதே அணு உடைந்துவிட்டால் அணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம், எல்.டி.எச். என்ற நொதி இரண்டும் பொய்யாக ஏறும். மலேரியா நோயாளிக்கு அந்தப் பொய் ஆபத்தானது, ஏனென்றால் அவருக்கு அது உண்மையாகவும் இருக்கக்கூடும்.

கிரியாட்டினின், சர்க்கரை

கிரியாட்டினின் 3ஐத் தாண்டினால் சிறுநீரகம் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்பே, 0.9, 1.4, 2.1 என்று நாளுக்கு நாள் ஏறினாலே சிறுநீர் அளவை எழுதத் தொடங்குங்கள். சர்க்கரை இதைவிட அவசரம். 40க்குக் கீழே போனால் ஆள் மயங்குவார், அதை மூளைக் காய்ச்சல் என்று நினைத்துவிடலாம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் குயினின் ஏறுகிறவர்களுக்கும் இது அதிகம். விரலில் குத்திப் பார்க்கும் மெஷினில் ஒரு நிமிஷ வேலை, ஆள் திடீரென்று வேர்த்துக் குழம்பினால் “சுகர் பாத்தீங்களா சிஸ்டர்?” என்று தைரியமாகக் கேளுங்கள். லேபுக்கு வரும் சர்க்கரை சாம்பிள் சாம்பல் மூடி டியூபில் வர வேண்டும். வேறு டியூபில் எடுத்து மேசையில் கிடந்தால் அணுக்கள் சர்க்கரையைத் தின்று எண்ணை இறக்கிவிடும். ரத்தத்தில் அமிலம் சேர்வதைக் காட்டும் லாக்டேட் 5 அல்லது அதற்கு மேல் என்று வந்தால் அது ஐ.சி.யூ. பேச்சு.

கடைசியில் பிளேட்லெட்

“அக்கா, நாப்பத்தெட்டாயிரம்னு போட்டிருக்கு. பிளட் பேங்க்குக்கு ஆளுங்கள வரச்சொல்லவா?”

“எங்கனா ரத்தம் வருதா தம்பி? ஈறுல, மூக்குல, மலத்துல?”

“இல்லக்கா. தூங்கினு இருக்காரு.”

“அப்ப அவர தூங்க விடு. ஹீமோகுளோபின் எவ்ளோன்னு படி.”

இந்தப் பேச்சு சீசனில் அடிக்கடி நடக்கும். மலேரியாவில் பிளேட்லெட் குறைவது விதி, குறையாமலிருப்பதுதான் விலக்கு. ஒரு லட்சத்துக்குக் கீழே போவது வைவாக்ஸிலும் சர்வசாதாரணம். ஆன்டிபாடிகள் ஒட்டியவற்றை மண்ணீரல் பிடித்துக்கொள்வது பாதி, வீங்கிய மண்ணீரலுக்குள் தேங்குவது மீதி. மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் சில நாட்களில் தானாக ஏறும். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு எண்ணுக்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றுவதில்லை. பப்பாளி இலைச் சாறு கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாந்தி எடுக்கிறவர் வாயில் அதை ஊற்றி, போட்ட மாத்திரையையும் வெளியே தள்ளிவிடாதீர்கள்.

எண் ரொம்பக் குறைவாக, 15,000 என்றெல்லாம் வந்து ஆள் நன்றாக இருந்தால், ஸ்மியரில் சரிபார்த்தார்களா என்று கேட்கலாம். ஊதா மூடி டியூபில் சிலருடைய பிளேட்லெட் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். மெஷின் கட்டியைப் பிளேட்லெட்டாக எண்ணாது. நீல மூடி டியூபில் எடுத்துத் திரும்ப எண்ணினால் தெரிந்துவிடும். மலேரியாவில் பெரிய சைஸ் பிளேட்லெட்களும் வரும், அவற்றையும் மெஷின் தவறவிடும்.

டெங்குவா மலேரியாவா என்ற குழப்பத்தில் பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) என்ற வரி உதவும். டெங்கு முற்றும்போது நீர் ரத்தக் குழாயை விட்டுக் கசிவதால் அது ஏறும். மலேரியாவில் அணு உடைவதால் இறங்கும். மழை சீசனில் இரண்டும் ஒரே ஆளுக்கு வரலாம், அதனால் இரண்டு டெஸ்டும் எழுதினால் காசு பிடுங்குகிறார்கள் என்று நினைக்காதீர்கள். டைபாய்டுக்குப் பார்க்கும் வைடல் டெஸ்ட் மட்டும் வேறு கதை. மலேரியா ரத்தத்தில் அது பொய்யாக பாசிட்டிவ் காட்டுவதுண்டு. “டைபாய்டும் சேர்ந்திருக்கு” என்று அந்த ஒரு தாளை வைத்து முடிவு கட்டாமல், ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் அனுப்பியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

வெள்ளையணு சாதாரணமாகவோ கொஞ்சம் குறைவாகவோ இருக்கும். நன்றாக ஏறியிருந்தால் கூடவே பாக்டீரியா தொற்று இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஈசினோபில் என்ற வெள்ளையணு வகை திடீரென்று அதிகம் என்று மெஷின் காட்டினால் பூச்சி மாத்திரைக்கு ஓட வேண்டாம். ஒட்டுண்ணி கழித்துவிட்ட கறுப்பு நிறமியை நியூட்ரோபில் என்ற இன்னொரு வெள்ளையணு விழுங்கியிருந்தால் சில மெஷின்கள் அதை ஈசினோபில் என்று எண்ணிவிடும். காரணம் தெரியாத காய்ச்சலில் அந்த எண் தப்பாக வந்தாலே நாங்கள் ஸ்லைடை எடுத்து மலேரியாவைத் தேட ஆரம்பித்துவிடுவோம்.

வீட்டுக்குப் போன பிறகு

வைவாக்ஸ் என்றால் பிரைமாகுயின் 14 நாள் கொடுப்பார்கள். ரத்தத்திலுள்ளதை மற்ற மருந்து கொன்றிருக்கும், கல்லீரலில் தூங்குகிறவற்றுக்கு இது. மூன்றாம் நாளே தெம்பு வந்துவிடுவதால் பாதிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். பிறகு சில மாதம் கழித்துத் திரும்பக் காய்ச்சலோடு வந்து, “எங்க வீட்டுல கொசுவே இல்லியே” என்பார்கள். அது புதுக் கொசுவின் வேலையாக இருக்க வேண்டியதில்லை. இந்த மாத்திரைக்கு முன் ஜி6பிடி என்ற நொதிக்கான டெஸ்ட் எடுக்க வேண்டும். அந்த நொதி குறைவானவர்களுக்கு மாத்திரையே சிவப்பணுவை உடைக்கும். இதில் ஒரு நுணுக்கம்: அணுக்கள் நிறைய உடைந்து இளம் அணுக்கள் வந்திருக்கும் நேரத்தில் எடுத்தால், குறைபாடு உள்ளவருக்கும் நார்மல் என்று வரக்கூடும். மாத்திரை தொடங்கி சிறுநீர் கறுத்தால் நிறுத்திவிட்டு அன்றைக்கே வாருங்கள். கர்ப்பிணிகளுக்கு இது கொடுப்பதில்லை.

தீவிர மலேரியாவுக்கு ஆர்ட்டிசுனேட் ஊசி போட்டவர்கள், நன்றாக நடமாட ஆரம்பித்த பிறகும் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். ஊசிக்குப் பின் ஒன்றிரண்டு வாரத்தில் சிலருக்கு அணு உடைப்பு தாமதமாக வரும். ஏழாம் நாள், பதினாலாம் நாள், பிறகு நாலாவது வாரம் என்று டாக்டர் சொன்ன தேதிகளைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். சோர்வும் வெளிறலும் கூடினால் தேதிக்கு முன்பே வரலாம்.

ரத்த தானம் செய்கிற பழக்கமுள்ளவர் என்றால், முழுதாகக் குணமாகி மூன்று மாதம் கழியும் வரை கொடுக்கக்கூடாது. முகாமில் ஃபாரம் நீட்டும்போது மலேரியா வந்ததை எழுதுங்கள்.

நாங்கள் பாசிட்டிவ் ரிப்போர்ட்டை சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், அது சட்டம். அதனால் மாநகராட்சி மலேரியா பணியாளர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார். வீட்டிலிருக்கும் மற்றவர்களுக்கும் விரலில் ரத்தம் எடுக்கக் கேட்பார், மொட்டை மாடிக்குப் போக வேண்டும் என்பார். சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலஸ் ஸ்டீஃபன்சி கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. மூடி சரியாக உட்காராத மேல்நிலைத் தொட்டியின் நல்ல தண்ணீரிலும் கிணற்றிலும்தான். சாவியைக் கையில் எடுத்து வையுங்கள்.